மாமனார் செய்த பூட்டு

அரை நாளில் திண்டுக்கல்லையே சுற்றிக் காட்டுவதாகச் சொன்ன குதிரை வண்டிக்காரர் அந்தோணி, பேகம்பூர்ப் பள்ளிவாசலைக் காட்டிவிட்டு தானும் கூடவே படியேறி என்னை மலைக்கோட்டைக்கு அழைத்து வந்துவிட்டார். எனக்கு மூச்சு வாங்குகிறது. கோட்டைக் கதவில் தேங்காய் அளவுக்கு ஒரு பூட்டு தொங்குகிறது. காவல்காரர் நத்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டாராம்.

எனக்கு எரிச்சல். அந்தோணிக்கோ முகமெல்லாம் பூரிப்பு.

"இழுத்துப் பாருங்க சார். எங்க மாமனார் செஞ்ச பூட்டு!"

இழுக்கிறேன். அசைந்து கொடுக்கவில்லை.

"நீங்களும் அவர்கிட்ட வேலை பழகினதாச் சொன்னீங்களே. ஒரு கம்பியை விட்டுத் தொறந்துடுங்களேன்."

"செத்த நேரத்துல தொறந்துருவேன் சார். அப்புறம் எம் பொண்டாட்டி மொகத்துல எப்புடி முழிக்கிறது?"

இறங்குவதற்கு முன், அவரும் ஒரு தடவை பூட்டை இழுத்துப் பார்த்துக்கொள்கிறார்.