வாத்துகளுக்குப் பொரி

ஏழாம் வகுப்போடு நிறுத்தியவன் நான். பெரும்பாறையில் காப்பிப் பழம் பறித்தேன், வத்தலக்குண்டு மார்க்கெட்டில் மூட்டை தூக்கினேன். ஆயக்குடியில் கொய்யாப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் குளத்துக்குக் காவல் ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். மதகோரம் தார்ப்பாய்தான் வீடு. மழை பெய்தால் உட்கார்ந்தே தூங்குவேன்.

வேலை ஒன்றுதான். பனிக்காலத்தில் வடக்கேயிருந்து வரும் வாத்துகள் ஆழமில்லாத சேற்றோரம் இரை தேடும். அவற்றைக் கலைக்க விடக் கூடாது. அடிக்கடி கலைந்தால் வேறு குளம் பார்த்துப் போய்விடும். என் வேலையும் போய்விடும்.

வலையோடு வருகிறவனை அதட்டினால் ஓடிவிடுவான். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்களை என்ன செய்வது? மீனுக்குப் பொரி போட்டால் புண்ணியம், வாத்துக்குப் போட்டால் இன்னும் புண்ணியம் என்று நினைத்தார்கள். படித்துறையிலிருந்து வீசினால் எட்டாது. அதனால் சேற்றில் இறங்கினார்கள்.

"இறங்காதீங்கம்மா. ஆள் கிட்டப் போனா அதுக பறந்துரும்," என்றேன்.

"பாவம், பசியில கெடக்கு. நீயும் போடமாட்டே, போடுறவளையும் விடமாட்டே. பழனிக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு இப்படி ஒரு மனசா?" என்றார் ஒரு அம்மா. அவரோடு வந்தவர்கள் சிரித்தார்கள்.

அந்தக் கூட்டத்தின் குருசாமி மட்டும் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். "நியாயந்தான சாமி. நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கிறேன்," என்றார். எனக்குத் தெம்பாக இருந்தது.

அவர் நேராகக் கரையில் நின்ற வேனுக்குப் போய் மைக்கை எடுத்தார். மேலே இரண்டு குழாய் ஒலிபெருக்கிகள்.

"முருக பக்தர்களே, வாத்துகளுக்குத் தொந்தரவு குடுக்காதீங்க. சத்தம் போடாம எல்லாரும் வெரசா கரையேறுங்க."

எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கரையேறினார்கள். குழாய்ச் சத்தத்தில் மிரண்டு வாத்துகள் மொத்தமாக எழும்பின. குளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, தென்னந்தோப்புக்கு மேலே போய் மறைந்தன.

குருசாமி இறங்கி வந்தார். "பாத்தீங்களா? நம்ம சாமிமாரு சொன்னபடி நடப்பாங்க."

"குளத்தைப் பாருங்க சாமி."

பார்த்தார். "இனி தொந்தரவு இல்லைல்ல, வந்துரும்," என்று என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டுக் கிளம்பினார்.

சாயங்காலத்துக்குள் திரும்பி வந்தாலும் வரும் என்று சேற்றில் கிடந்த பொரிப் பைகளைப் பொறுக்கினேன். அதற்குள் அடுத்த கூட்டம் வந்துவிட்டது. இந்தமுறை வாத்துப் பேச்சையே எடுக்கவில்லை.

"சேத்துல பாம்பு கெடக்குங்க," என்றேன்.

"நெறையவா?"

"நெறைய."

ஒருவரும் இறங்கவில்லை. இருட்டும்வரை தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குச் சேறு மட்டும்தான் பத்திரமாக இருந்தது.