சாட்சி நேரத்தில் என் வீடியோ

எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் எட்டு வாக்குத்தத்த அட்டைகள் ஒட்டியிருக்கின்றன. புத்தாண்டு ஆராதனையில் சபை ஆளுக்கு ஒரு பைபிள் வசன அட்டை கொடுக்கும்; அந்த வருடத்துக்கு ஆண்டவர் நமக்குத் தந்த வாக்கு அது. கல்யாணமாகி எட்டு வருடம், குழந்தை இல்லை. எந்த அட்டை வந்தாலும் அம்மா அதைக் குழந்தைக்கான வாக்காகவே படித்துச் சொல்வாள்.

அந்தக் கதவைத்தான் வீடியோ எடுத்தேன். கேமராவை ஸ்டூலில் வைத்து, பதினோரு நிமிடம், ஒரே ஷாட். தாம்பரம் ரயில்களின் சத்தத்துக்கு நடுவே என் குரல் ஜெபிக்கத் தொடங்கும், பாதியில் நிற்கும், மறுபடி தொடங்கும். கடைசியில் தொடங்கவே தொடங்காது. சிட்டியில் ஒரு ஆர்ட் கேலரியில் திரையிட்டேன். பார்த்தவர்கள், மதத்தை நன்றாகக் கிண்டல் செய்திருப்பதாகக் கை குலுக்கினார்கள். எரிச்சலாக வந்தது. யார் கிண்டல் செய்தது? எனக்கு ஜெபம் வரவில்லை. அதை அம்மாவிடம் வாயால் சொல்ல தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

போனில் காட்டினால் இரண்டாம் நிமிடமே குக்கர் வைக்க எழுந்து போய்விடுவாள். அவள் அசையாமல் உட்காரும் ஒரே இடம் சபை. போதகரிடம் கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை சாட்சி நேரத்துல போட்டுடலாம்மா, புரொஜெக்டர் இருக்கு" என்றார்.

நானும் மண்டையை ஆட்டிவிட்டு வந்தேன். சபையிலேயே வளர்ந்தவளுக்குப் புத்தி எங்கே போயிற்று? கேட்டது கிடைத்த பிறகுதான் எங்களில் யாரும் சாட்சி சொல்ல எழுந்திருப்பார்கள். வேலை கிடைத்தவர், விசா வந்தவர், கட்டி கரைந்தவர். கிடைக்காதவர்கள் உட்கார்ந்து ஸ்தோத்திரம் சொல்வோம்.

வீடியோ முடிந்ததும் "ஸ்தோத்திரம்!" என்று சபையே அதிர்ந்தது. கேட்டது கிடைத்துவிட்டதால்தான் நான் ஜெபத்தை நிறுத்தினேன் என்று எடுத்துக்கொண்டார்கள். வாசலில் பாடகர் குழு அக்கா ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்து, "எத்தனை மாசம்?" என்றார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மா வந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி என் வயிற்றில் கை வைத்தாள்.

"ஏன்டி, எங்கிட்டகூட சொல்லல?"

"ஒண்ணும் இல்லம்மா. நான் ஜெபம் பண்றதையே விட்டுட்டேன்."

அம்மா கையை எடுக்கவில்லை. சுற்றி நின்றவர்களை ஒருமுறை பார்த்தாள்.

"மெதுவா பேசு" என்றாள். "எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்லிட்டாங்கடி."