ரெங்கசாமி கவிழ்க்காத சீட்டு

ரெத்தினம் வலங்கைமான் ரெங்கசாமிக்குக் கொடுக்க வேண்டியிருந்தது நாற்பதாயிரம் ரூபாய். சிங்கப்பூர் போக மூன்று மா நிலத்தை அடமானம் வைத்து வாங்கிய கடன். நான்கு வருஷம் அங்கிருந்து அனுப்பியதையெல்லாம் ரெங்கசாமி வட்டியில் கழித்துவிட்டார். அவன் ஊர் திரும்பியபோதும் அசல் அப்படியே நின்றது. தை பிறப்பதற்குள் தராவிட்டால் நிலத்தைக் கிரயம் எழுதிக்கொள்வேன் என்று டீக்கடையில் நாலு பேர் கேட்கச் சொல்லியிருந்தார்.

ரெத்தினத்துக்குப் படிப்பு ஐந்தாவது. ஆனால் பத்து மாடி உயரத்தில் கிரேன் ஓட்டிய ஆள். அதற்கான அந்த ஊர்ப் பரீட்சையில் முதல் தடவையிலேயே தேறியவன். போக்கர் சீட்டையும் அங்கேதான் கற்றான். விடுதியில் அவனிடம் தோற்காத மேஸ்திரி கிடையாது. ரெங்கசாமி வயலில் நடவு நட்டவள் மகன் இப்படி ஆவான் என்று எவன் நினைத்தான்?

அந்த மார்கழியில், துபாய்க் கடையை விற்றுவிட்டு வந்த சேக் தாவூது தன் நெல் குடோனில் போக்கர் போட்டி வைத்தார். தலைக்கு ஐயாயிரம், பன்னிரண்டு பேர். எல்லோருக்கும் ஒரே அளவு சிப்ஸ், பணத்துக்குப் பதிலாக வைத்தாடும் வில்லைகள்; தீர்ந்தவன் எழுந்துபோக வேண்டும். கடைசிவரை நிற்பவனுக்கு நாற்பதாயிரம், அவனுக்கு அடுத்தவனுக்கு மிச்சம். ரெத்தினம் கையிலிருந்த கடைசி ஐயாயிரத்தைக் கட்டினான். ரெங்கசாமியும் வந்து உட்கார்ந்தார்; தாவூதும் ஆடினார்.

சாயங்காலத்துக்குள் மூன்று பேர்தான் மிச்சம். ரெங்கசாமி முன்னால் சிப்ஸ் அம்பாரம். தாவூது முன்னால் ஒரு பிடி. ரெத்தினத்துக்கு நடுத்தரம்.

இந்த நடுத்தரம்தான் ஆளைக் கெடுக்கும். இருக்கிறதே என்று ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கொஞ்சம் போட்டுப் பார்த்தால், உடைந்த வரப்பில் தண்ணீர் போவதுபோல் போய்விடும். பயந்து உட்கார்ந்தாலோ, சுற்றுக்குச் சுற்று கட்டாயமாக வைக்கும் பணயம் ஏறி ஏறி அரித்துவிடும். ரெத்தினத்தின் கணக்கு வேறு. தாவூது தயங்கும்போதெல்லாம் பணயத்தை ஏற்றிப் பிடுங்கினான். அம்பாரக்காரரிடம் மட்டும் மோதவில்லை. மோதித் தோற்றால் இவனுக்கு மொத்தமும் போகும், அவருக்குப் பாதிதான். நல்ல சீட்டு வரும்வரை சீட்டைக் கவிழ்த்து அந்த ஆட்டத்தை விட்டுவிடுவது. வந்துவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பார்ப்பதில்லை, இருப்பதை முழுசாகத் தள்ளிவிடுவது.

அவன் கவிழ்க்கக் கவிழ்க்க ரெங்கசாமிக்கு இளக்காரம்.

“களத்துல நெல்லு அள்ளுன கைக்குச் சீட்டு கனக்குதோடா?”

“கனக்கலண்ணே. பாத்துப் புடிக்கிறேன்.”

ஆண்டை என்று கூப்பிட்ட வீட்டுப் பிள்ளை அண்ணே என்றதும் அவர் முகம் கறுத்தது. கறுக்கட்டும் என்றுதான் அவனும் சொன்னான்.

அடுத்த ஆட்டத்தில் அவனுக்கு இரண்டு ராஜா. அத்தனை சிப்ஸையும் நடுவே தள்ளினான். ரெங்கசாமி தன் சீட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கவிழ்த்துவிடும்படி தாவூதே சொன்னார்.

“இவன் மெரட்டி நான் கவுக்கிறதா? எங்க வாசல்ல கைகட்டி நின்ன பய.”

அவன் வைத்ததற்கு ஈடாகத் தள்ளிவிட்டுச் சீட்டைத் திறந்தார். ஒரு ராணி, ஒரு ஏழு. மேஜையில் எல்லோருக்கும் பொதுவாக விழுந்த ஐந்து சீட்டும் அவருக்கு உதவவில்லை. அம்பாரத்தில் பாதிக்குமேல் இந்தப் பக்கம் வந்தது. ஆத்திரத்தில் அடுத்த ஆட்டத்தில் சீட்டைப் பார்க்காமலே மிச்சத்தையும் தள்ளினார், அதுவும் போயிற்று. தாவூதின் ஒரு பிடி அதற்கப்புறம் அதிக நேரம் நிற்கவில்லை.

தாவூது கொடுத்த பணத்தோடு ரெத்தினம் அங்கேயே ரெங்கசாமியை மறித்து, அடமானப் பத்திரத்தை எடுத்துவரச் சொன்னான். அவருடைய ஆள் போய்க் கொண்டுவந்தான். ரெங்கசாமி நெல் மூட்டையைக் காட்டி, பணத்தை அதன் மேல் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். ரெத்தினத்தின் அம்மாவுக்கு அவர் கூலியை என்றைக்கும் எட்ட நின்று முந்தானையில்தான் போட்டார், விரல் பட்டதில்லை.

“மூட்டை மேல வைக்க மாட்டேன். கைய நீட்டுங்க.”

நின்றவர்கள் யாரும் நகரவில்லை. ரெங்கசாமி பத்திரத்தைக் கொடுத்துவிட்டு மெல்லக் கையை விரித்தார். ரெத்தினம் ஒவ்வொரு நோட்டாக, விரல் அழுந்த, கடைசி நோட்டுவரை அந்த உள்ளங்கையில் எண்ணி வைத்தான்.