பாஞ்சாலி தள்ளிய கோடு

பாஞ்சாலிக்குச் சுத்தப் பைத்தியம். சந்தாபுராவில் பஸ் ஏறினால் சீட்டைத் துடைத்துவிட்டுத்தான் உட்காருவாள். அந்தச் சுத்தமே அவள் பிழைப்புக்கு உலை வைக்கப் பார்த்தது.

பொம்மசந்திரா ஃபேக்டரியில் நாங்கள் ரப்பர் வாஷர் செய்கிறோம். தண்ணீர்க் குழாய்க்கு ஒன்று, கேஸ் சிலிண்டருக்கு ஒன்று. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், ரப்பர்தான் வேறு. ஆயுதபூஜைக்கு முதல்நாள் காலை, வாஷர் தட்டுகளைக் கழுவிக் குங்குமம் வைக்கிறேன் பேர்வழி என்று இரண்டு தட்டையும் ஒரே கூடையில் கவிழ்த்துவிட்டாள் இந்த மகராசி. அறுநூறு வாஷர்! பக்கத்து மேசையிலிருந்து நான் ஓடி வருவதற்குள் எல்லாம் கலந்துவிட்டது. மூன்று வருஷக் காண்டிராக்டுக்குப் பிறகு அவளை நிரந்தரமாக்கும் கடிதம் மேனேஜர் நாணுவின் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

"எல்லாத்தையும் குப்பையில போடு. லெட்டரும் கிடையாது!" என்று குதித்தார் நாணு.

"பெட்ரோல்ல ஊறப்போட்டா குழாய் வாஷர் உப்பிடுமே சார்?" என்று விசும்பினாள் பாஞ்சாலி.

"ஊறினத அப்புறம் யாரும்மா வாங்குவா?"

தரம் பார்க்கும் சிந்துதான் வழி சொன்னாள். பழைய பாக்கெட்டுகளிலிருந்து இன்னதென்று தெரிந்த வாஷர்களை வகைக்கு ஐம்பதாக எடுத்து, எடையும் தடிமனும் அளந்து, கட்டத் தாளில் தடிமனைக் குறுக்காகவும் எடையை மேலாகவும் கணக்கிட்டுப் புள்ளி வைத்தாள். எடையை மட்டும் பார்த்தால் குழப்பம். ஒரு நூலிழை தடித்த குழாய் வாஷரும் மெல்லிய கேஸ் வாஷரும் ஒரே எடை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அட, புள்ளிகள் இரண்டு கூட்டமாக நின்றன! நடுவே கோடு போட்டாள்.

"ஒரே தடிமனுக்கு கேஸ் ரப்பர்தான் கனம். மேல கேஸ், கீழ குழாய்."

பாஞ்சாலி கண்ணைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "மேடம், ரெண்டு குழாய் வாஷர் மேல ஏறி நிக்குதே. கேஸோடது குழாய்க்குப் போனா ஒண்ணுமில்ல. இது கேஸுக்குப் போனா வீடே போயிடும். கோட்டை இன்னும் மேல தள்ளுங்க."

"தள்ளினா விலை கூடின கேஸ் வாஷர் கம்மியாயிடும். நாணு சார் உன் லெட்டரைக் கிழிச்சிடுவாரு."

"கிழிக்கட்டும் மேடம். எங்க வீட்லயும் கேஸ் அடுப்புதான்."

போடி பைத்தியக்காரி என்று மனசுக்குள் திட்டினேன். பெருமையாகவும் இருந்தது.

கோடு நகர்ந்தது. சாயங்காலம் வரை ஆறு பேர் உட்கார்ந்து அறுநூறையும் அளந்து பிரித்தோம். கேஸ் பக்கம் போனதில் முப்பதைச் சிந்து ஒரு பாட்டில் பெட்ரோலில் போட்டு வைத்தாள்.

பூஜையன்று காலை நாணு பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். ஒன்றுகூட உப்பவில்லை.

"கோட்டைத் தள்ளினது யாரு?"

பாஞ்சாலி என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். சிந்து அவள் பக்கம் கையைக் காட்டினாள்.

நாணு பூஜை மேசையிலேயே கடிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். "தட்டு கழுவற வேலை மட்டும் உனக்கு வேணாம்மா," என்றார்.

பாஞ்சாலி அழுதாள், சிரித்தாள். பிறகு அந்தக் கட்டத் தாளுக்கும் ஒரு குங்குமம் வைத்தாள்.