கங்கு பூக்கும் வரை

திருச்சுழியிலிருந்து வந்த பஸ் வீரசோழனில் நிற்கிறது. சாலையோரக் குழியில் கருவேல விறகு எரிகிறது. சைக்கிள் கம்பிகளில் கோத்த ஆட்டுக்கறி, மிளகாய் பூசித் தட்டில் காத்திருக்கிறது. இத்தனை தீ இருந்தும் ஏன் சுடவில்லை என்று கடைக்கார பாயிடம் கேட்கிறேன்.

“இப்ப வச்சா மேல கருகிரும், உள்ள பச்சையாக் கெடக்கும் சார். வெறகு எரிஞ்சு அடங்கி, கங்கு மேல வெள்ளச் சாம்பல் பூக்கணும்.”

“அதுக்குள்ள பஸ் போயிடாதா?”

“டிரைவருக்கும் ரெண்டு கம்பி இருக்குல்ல. திங்காம எடுக்க மாட்டாக.”

தீ மெல்ல அடங்குகிறது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. பாய் தண்ணீர் எடுக்கத் திரும்பியதும், உதவியாக இருக்கட்டுமென்று அவருடைய ஓலை விசிறியால் நாலு வீசு வீசுகிறேன். அப்போதுதான் பூத்த சாம்பல் பறந்து என் சட்டையில் படிகிறது. அடியில் கிடந்த அரைகுறை விறகு குப்பென்று பற்றிக்கொள்கிறது.

“போச்சு! இனி மொதல்லருந்து அடங்கணும்,” என்கிறார் பாய்.

பஸ் ஜன்னல்களில் இருக்கும் தலைகள் எல்லாம் என்னையே பார்க்கின்றன. டிரைவர் இறங்கி வருகிறார். என் கையிலிருந்த விசிறியை வாங்கித் தரையில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறார்.