தறி நிற்காத வீட்டில் ஒரு சுவர்

கருமத்தம்பட்டியில் எங்கள் வீட்டுக்கு நடுவே ஒரு சுவர் இருக்கிறது. சுவரின் அந்தப் பக்கம் இப்போது அப்பாவின் மளிகைக் கடை. அதைக் கட்டியவர்கள் இரண்டே பேர். ஒருவர் அப்பா, அப்போது தறி ஓட்டிக்கொண்டிருந்தார். இன்னொருவர் நான், நான்காம் வகுப்பு முடித்திருந்தேன். அதற்கு முன் எங்கள் இருவருக்கும் சேர்த்துக் கட்டட அனுபவம் என்று பார்த்தால், நான் ஒருமுறை காவிரி மணலில் கட்டிய கோயிலைத்தான் சொல்ல வேண்டும். அதுவும் இடிந்துவிட்டது.

அந்தக் காலத்தில் எங்களுக்கு வீடு வேறு, தறிக்குடோன் வேறு என்று கிடையாது. சிமெண்ட் சீட்டுப் போட்ட ஒரே நீளக் கட்டடம். முன்பக்கம் கரண்டில் ஓடும் நான்கு விசைத்தறிகள். பின்பக்கம் அடுப்பு, கட்டில், பீரோ, நாங்கள். நடுவில் அம்மாவின் பழைய சேலை ஒன்று தொங்கும். தறி ஓடும்போது பறக்கும் பஞ்சு அந்தச் சேலையை ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை. சோற்றுப் பானை மூடியில், சாமி படத்தில், என் சடையில் எல்லாம் வெள்ளையாகப் படிந்திருக்கும். சத்தமும் அப்படித்தான். எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் மெதுவாகப் பேசியதில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்னை எழுப்பிப் பாடம் வாசிக்கச் சொன்னால் பக்கத்து வகுப்பும் சேர்ந்து கேட்டுக்கொள்ளும்.

அந்த வருடம் கொடுமுடியில், அம்மா பிறந்த வீட்டில், தம்பி பிறந்தான். இரண்டு மாதம் ஆவதற்குள் அவனுக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்தது. டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, வீட்டில் என்ன தொழில் என்பதுதானாம். தறி என்றதும், பஞ்சு பறக்கிற இடத்தில் இந்தக் குழந்தையை வைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். அம்மாவின் அண்ணன் மஞ்சளும் கரும்பும் போடுகிறவர். அளந்து பேசுகிற மனிதர். அவர் அப்பாவுக்குப் போன் செய்து சொன்னது ஒரே விஷயம்: நடுவில் ஒரு சுவர் வரட்டும், தாயையும் பிள்ளையையும் நானே கொண்டுவந்து விடுகிறேன்.

ஆடி பிறந்துவிட்டால் கைக்குழந்தையைப் புதிதாக வீட்டுக்கு அழைத்து வரமாட்டார்கள். அப்புறம் ஆவணிதான். அம்மா போய் அப்போதே ஐந்து மாதம் ஆகியிருந்தது. நான் தம்பியை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். அப்பாவும் அப்படித்தான். தறியை விட்டுவிட்டு அவரால் எங்கே போக முடியும்?

வேறு வீடு பார்க்கவோ கொத்தனார் வைக்கவோ வழியில்லை. அதனால் அப்பா தாமே கட்டுவது என்று முடிவு செய்தார். அடுத்த வீதியில் காம்பவுண்டு கட்டியவர்கள் மிச்சம் போட்டிருந்த ஹாலோ பிளாக்குகள், எல்லாம் ஓரம் உடைந்தவை, எங்களுக்கு வந்தன. மொபெட்டில் நான்கு நான்காக ஏற்றி வந்தோம். மணலைக் கிழிந்த கொசுவலையில் சலித்தோம். சிமெண்ட் மட்டும்தான் புதிது. அதை அப்பா கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார், கால் பட்டுவிடக் கூடாது என்று எனக்கு உத்தரவு வேறு.

கதவுக்குப் பீளமேடு போனோம். இடித்த பழைய மில் குடியிருப்புகளின் கதவு ஜன்னல்களை ஒரு கடையில் அடுக்கி வைத்திருந்தார்கள். அப்பா ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, பச்சைப் பெயின்ட் உரிந்த ஒரு கதவைத் தேர்ந்தெடுத்தார். அதை மொபெட்டின் பின்னால் குறுக்கே கட்டி, அது விழாமல் பிடித்துக்கொள்ள என்னைத் திரும்பி உட்காரவைத்தார். அவிநாசி ரோட்டில் லாரி ஒவ்வொன்று கடக்கும்போதும் கதவில் காற்று அடித்து வண்டி ஓரமாக நகர்ந்தது. சிக்னலில் நின்றபோது பைக்காரர் ஒருவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவாகவே, “ஊடு கட்டறமுங்க” என்றார். அந்தக் குரலில் இருந்த பெருமை எனக்கு இன்றும் கேட்கிறது.

அப்போதெல்லாம் நாளுக்குப் பல மணி நேரம் கரண்ட் இருக்காது. ஊரே அதைத் திட்டிக்கொண்டிருந்தது. எங்களுக்கு மட்டும் அது வரமாக ஆனது. கரண்ட் போனதும் அப்பா கொத்தனார். வந்ததும் தறிக்காரர். கலவையைப் பூசிக்கொண்டே இருப்பார். பல்பு எரிந்தால் கரண்டியை அப்படியே வைத்துவிட்டு ஓடிப்போய்த் தறியைப் போட்டுவிடுவார். சுவர் நேராக வருகிறதா என்று பார்க்க, தறியில் கழன்ற ஒரு நட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். கட்டுகிற அவசரத்தில் அதைப் பார்க்க நேரம் இருக்காது, தறியைப் போட்டுவிட்டு வந்துதான் பார்ப்பார். தறி ஓடும்போது அது ஒருநாளும் ஓர் இடத்தில் நின்றதில்லை. அது ஆடுகிற ஆட்டத்துக்கு நடுவில் கண்ணை வைத்துப் பார்த்து, நேராகத்தான் இருக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொள்வார்.

தண்ணீர் ஊற்றுவது என் வேலை. காலையும் மாலையும் குடத்தைச் சுமந்து, சொம்பால் மொண்டு மொண்டு சுவரை நனைப்பேன். சுவர் என் கழுத்து உயரம் வந்தபோது ஒன்று புரிந்தது: கலவை பிடிக்கவே இல்லை. பிளாக்குகளுக்கு நடுவில் விரலை வைத்தால் புட்டு மாதிரி உதிர்ந்தது. அப்பா முதலில் மணலைக் குறை சொன்னார். பிறகு சிமெண்டை. பிறகு ஒருநாள் என்னைப் பார்த்து, “தண்ணி பத்துலியாட்ட இருக்குது கண்ணு” என்றார். திட்டவெல்லாம் இல்லை, சும்மாதான் சொன்னார். ஆனால் தம்பி வராமல் போனால் அதற்கு நான்தான் காரணம் என்று எனக்குள் முடிவாகிவிட்டது. குளியலறைக்குள் போய் அழுதேன். அழுதது யாருக்கும் கேட்டிருக்காது. மறுநாளிலிருந்து குடத்தின் எண்ணிக்கையை இரண்டு மடங்காக்கினேன். அப்படியும் உதிர்ந்தது.

ஆடிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மாமா சுவரைப் பார்க்க வந்தார். ஒரு தார் பூவன் பழம் கொண்டுவந்திருந்தார். போனில் தம்பியின் படம் காட்டினார். அப்பா அந்தப் போனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வெகுநேரம் திருப்பித் தரவில்லை. நான் காப்பி போட்டுக் கொடுத்தேன். மாமா டம்ளரைச் சுவர் மேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. அப்பா பெருமையோடு பக்கத்தில் நின்றார்.

“ஏனுங் மாப்ள, காப்பி ஆடுதுங்களே” என்றார் மாமா, காதோடு வாயை வைத்து.

அப்பாவுக்கு அதில் என்ன அதிசயம் என்று தெரியவில்லை. “ஆமாங் மச்சான். காப்பின்னா ஆடத்தான செய்யும்?” என்று கத்தினார்.

எனக்கும் அது விளங்கவில்லை. எங்கள் வீட்டில் டம்ளரில் இருக்கும் எதுவும் ஓயாமல் சிறு சிறு வட்டமாக அசைந்துகொண்டே இருக்கும். கொடுமுடிக்குப் போனபோது பால் டம்ளருக்குள் அசையாமல் கிடந்ததைப் பார்த்து, ஆறிப் போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்துக் குடிக்காமல் வைத்தவள் நான். தரை அதிர்கிறது என்பதே எங்கள் இருவருக்கும் தெரியாது. தரை என்றாலே அப்படித்தான் இருக்கும் என்று வாழ்ந்துகொண்டிருந்தோம்.

மாமா டம்ளரை எடுத்துக்கொண்டு, மேல் வரிசைப் பிளாக்கு ஒன்றை ஒற்றை விரலால் தள்ளினார். அது அலமாரியில் புத்தகம் நகர்வது போல நகர்ந்தது. அப்பாவை வாசலுக்கு அழைத்துப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

“தறி ஓட ஓடவா கட்டுனீங்க?”

“இல்லீங் மச்சான். கரண்ட் இல்லாதப்பத்தான் கட்டுனனுங்க.”

“கரண்ட் வந்தொடனே?”

“வந்தொடனே தறி ஓட்டோணுமில்லீங்க.”

மாமா உள்ளே சுவரைத் திரும்பிப் பார்த்தார். “ஈரச் செவுத்தப் போட்டு உலுக்கிட்டே இருந்தா எப்படீங் மாப்ள நிக்கும்?” என்றார். அப்பா முதலில் சிரித்தார். அப்புறம் மணல் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டார். நாற்பது நாள் பட்ட பாடு. வேறு எந்த ஊர்க்காரன் கட்டியிருந்தாலும் முதல் நாளே தறியை நிறுத்தியிருப்பான். எங்களுக்குத்தான் அது தோன்றவே இல்லை. எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். குற்றம் தண்ணீரில் இல்லை.

மறுநாள் காலையில் அப்பா நான்கு தறியையும் நிறுத்தினார். அது சாதாரண காரியமில்லை. துணி சொன்ன தேதிக்குப் போகாவிட்டால், நெய்வதற்குப் பாவு நூல் கொடுக்கிறவர் அடுத்த பாவை வேறு குடோனுக்குக் கொடுத்துவிடுவார். அப்பா அவரிடம் போனில் கெஞ்சியதை நான் கேட்டேன். பிறகு சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, சுவரை ஒவ்வொரு பிளாக்காகப் பிரித்தெடுத்து, ஒட்டியிருந்த பழைய கலவையைச் சுரண்டி, முதல் வரிசையிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். நூலில் கட்டிய நட்டு அசையாமல் நின்றது. அப்பா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

நான்கு நாளில் சுவர் கூரைச் சீட்டைத் தொட்டது. சீட்டின் வளைவுக்கும் சுவருக்கும் இடையே இருந்த சந்துகளைச் சிமெண்டில் நனைத்த துணியால் அடைத்தார். ஒரு பொடிப் பஞ்சுகூட உள்ளே போகக் கூடாது என்று ஏணியில் நின்று ஒவ்வொரு சந்திலும் விரலை விட்டுப் பார்த்தார். கதவை மாட்டினார். இனி ஒரு வாரம் தண்ணீர் விட்டு ஆறப்போட வேண்டும். அதுவரை தறி ஓடக் கூடாது.

கரண்ட் போகிற நேரத்திலும் அதுவரை ஏதாவது வேலைச் சத்தம் இருந்துகொண்டே இருக்கும். அந்த ஒரு வாரம்தான் எங்கள் வீட்டில் முதன்முதலாகச் சத்தம் இல்லாமல் இருந்தது. சுவர்க் கடிகாரம் டிக் டிக் என்று ஓடும் என்பதை அப்போதுதான் கண்டுபிடித்தேன். பக்கத்து வீட்டில் தாளிப்பது கேட்டது. சீட்டின் மேல் காக்காய் நடப்பதும் கேட்டது. ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அப்பா வெறுந்தரையில் படுத்திருந்தார். நான் அவர் முதுகில் தலையை வைத்துப் படுத்தேன். உள்ளேயிருந்து மெலிசாக ஒரு விசில் சத்தம் வந்தது. அவர் மூச்சை இழுக்கும்போது ஒன்று, விடும்போது இன்னொன்று.

“அப்பா, உங்க நெஞ்சுக்குள்ள என்னமோ விசிலடிக்குதுங்க.”

“அது பஞ்சு கண்ணு” என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமல். “தறி ஓடுனாக் கேக்காது.”

எனக்கு அது போதுமானதாக இருந்தது. தறி நின்றதால் வந்த சத்தம், தறி ஓடினால் போய்விடும். அன்றிலிருந்து சுவருக்குத் தண்ணீர் ஊற்றும் போதெல்லாம், சீக்கிரம் காய்ந்து தொலை என்று அதை அவசரப்படுத்தினேன். தினமும் ஒருதடவை அப்பாவின் முதுகில் காதை வைத்துப் பார்ப்பேன். விசில் இருந்துகொண்டே இருந்தது. எட்டாம் நாள் அப்பா ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொண்டு, தறிகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டார். சுவர் அசையவில்லை. நான் ஓடிப்போய் அவர் முதுகில் காதை வைத்தேன். தறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. விசில் போயே போய்விட்டது. சுவர் நின்றதைவிட அதுதான் எனக்குப் பெரிய நிம்மதி.

ஆடிக்கு முந்தைய நாள் மாமா சொன்னபடியே அம்மாவையும் தம்பியையும் கொண்டுவந்து விட்டார். அப்பா அன்று காலையில் மட்டும் மூன்று தடவை குளித்தார். தம்பியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம், பிந்திப்போன துணியை முடிக்க வேண்டும் என்று சட்டை மாற்றிக்கொண்டு தறிப் பக்கம் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மாமா சுவரை இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அம்மா பீரோவின் மேல் விரலால் தேய்த்துப் பார்த்தாள். பஞ்சு இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா, தூங்குகிற தம்பியின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். அவனுக்கு இரைப்பு வந்ததிலிருந்து அதுவே அவளுக்குப் பழக்கம் போலிருக்கிறது. நிமிர்ந்து, “இரைப்பு இல்லீங்ணா” என்றாள் மாமாவிடம்.

நல்ல சேதி என்னிடமும் ஒன்று இருந்தது. “அப்பாவுக்கும் இப்ப இல்லீங்மா” என்றேன்.

“அப்பாவுக்கு என்ன கண்ணு இல்ல?”

விசிலைப் பற்றிச் சொன்னேன். தறி நின்றிருந்த நாளெல்லாம் அது இருந்ததையும், ஓட ஆரம்பித்த நிமிடமே நின்றுபோனதையும், நான் தினமும் காதை வைத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டதையும் விவரமாகச் சொன்னேன். அம்மா பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எழுந்து கதவைத் திறந்துகொண்டு தறிப் பக்கம் போனாள். நேராக மெயின் சுவிட்சிடம் போய் அதை இறக்கினாள். நான்கு தறியும் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன.

அறுந்த நூலைக் கையில் பிடித்தபடி அப்பா திரும்பினார். அம்மா அவர் பக்கத்தில் போய், பஞ்சு படிந்த அந்தச் சட்டையின் மேலேயே, தம்பியிடம் கேட்ட அதே மாதிரி நெஞ்சில் காதை வைத்தாள். மாமா முன்னால் நிற்கிறார் என்று அப்பாவுக்குக் கூச்சம். “என்ன அம்மணி இது” என்று சிரிக்கப் பார்த்தார். கதவருகில் நின்ற எனக்கே அது கேட்டது. இழுக்கும்போது ஒன்று, விடும்போது இன்னொன்று.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தனை நாள் தண்ணீர் சுமந்து, சுவரைக் காயவைத்து, தறியை ஓடவைத்து நான் சரிசெய்து வைத்திருந்ததை, அம்மா வந்த அன்றைக்கே கெடுத்துவிட்டாள். சுவிட்சைப் போடுங்கள் என்று கத்தினேன். அம்மா போடவில்லை. காதையும் எடுக்கவில்லை. அன்று சாயங்காலம் வரை நான் அவளோடு பேசவில்லை.