போணி மண்டபத்துக்குப் போன மெயில்கள்

சத்யப்ரியாவுக்குக் கோபம் வந்தால் கீபோர்டு பாடு திண்டாட்டம்தான். செக்கானூரணியிலிருந்து தினமும் பஸ்ஸில் நசுங்கிப் பழங்காநத்தம் வந்து, டயர் கடை மாடியில் இருக்கும் சின்னக் கம்பெனியில் அவள் பார்க்கிற வேலை, கல்யாண மண்டபங்களுக்கான முன்பதிவு ஆப்பைச் சீர்செய்வது. ஆப்பை எழுதியவர் முதலாளி அழகுபாண்டி. எழுதினாரா, அவசரத்தில் அள்ளிப் போட்டாரா என்பது அவளுக்கு நெடுநாள் சந்தேகம்.

திருப்பரங்குன்றத்தில் மண்டபம் வைத்திருக்கும் சுந்தரம்மாள்தான் கம்பெனியின் முதல் போணி. அந்த அம்மா கைராசிக்காரர் என்பதில் அழகுபாண்டிக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. அதனால் ஆப்பைச் சோதிக்கிற டெஸ்ட் ஒவ்வொன்றிலும், பொய்ப் பெயர் போட வேண்டிய இடத்தில் சுந்தரம்மாளின் பெயரையும் அவருடைய நிஜ மெயில் முகவரியையுமே போட்டுவைத்தார். தினமும் காலையில் சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்திவிட்டு டெஸ்டை ஓட்டுவார். உடனே சுந்தரம்மாளுக்கு 'உங்கள் மண்டபத்தின் முன்பதிவு ரத்தானது' என்று ஒரு மெயில் போகும்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த சுந்தரம்மாள் அழகுபாண்டியைப் போனில் பிடித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமைக்குள் இதை நிறுத்தாவிட்டால் ஆப்பைத் தூக்கி எறிந்துவிட்டுப் பழைய டைரிக்கே போய்விடுவேன் என்றார். போணிக்காரரே போய்விட்டால் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான் என்று வெளிறிப்போன அழகுபாண்டி, வேலையைச் சத்யப்ரியா தலையில் கட்டினார். அவள் முதல் காரியமாக முகவரியை மாற்றினாள். மறுநாள் பார்த்தால் பழைய முகவரி திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறது. போணிப் பெயரை எடுத்தால் தொழில் விளங்காதாம். இந்த மனுஷரிடம் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

சரி, மெயிலையே நிறுத்துவோம் என்று இறங்கினாள். மெயில் அனுப்பும் கருவியை, அதாவது அந்த வேலையைச் செய்கிற சின்ன நிரலை, ஆப்பின் எந்தப் பகுதியும் தானே உருவாக்கிக்கொள்ளக் கூடாது, வெளியிலிருந்து அதன் கையில் கொடுக்க வேண்டும் என்பது முறை. அப்படிச் செய்தால் டெஸ்டின்போது நிஜக் கருவிக்குப் பதில் ஒரு டம்மியைக் கொடுத்துவிடலாம். டம்மி எதையும் அனுப்பாது, அனுப்பச் சொன்னதைக் குறித்துக்கொண்டு சும்மா இருக்கும். அவளும் டம்மியைக் கொடுத்தாள். தப்பித் தவறியும் மெயில் போய்விடாமல் நெட்டைப் பிடுங்கிவிட்டு ஓட்டிப் பார்த்தால், மெயில் சர்வர் கிடைக்கவில்லை என்று டெஸ்ட் அலறுகிறது. டம்மியைக் கேட்டால் தன்னிடம் யாருமே வரவில்லை என்கிறது. வேறு விதமாகக் கொடுத்தாள். அதே அலறல். பேசாமல் அப்பாவோடு வெங்காயம் நடப் போயிருக்கலாம் என்று தோன்றியது.

வெள்ளி காலையில்தான் அகப்பட்டது. முன்பதிவை ரத்து செய்கிற பகுதி, வெளியிலிருந்து கொடுக்கிற கருவியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், உள்ளேயே சொந்தமாக ஒரு நிஜக் கருவியை உருவாக்கி வைத்திருந்தது. ஏன் அண்ணே இப்படி என்று கேட்டாள்.

"வெளிய இருந்து வாரது வராமப் போயிட்டா? அதான் கையோட ஒண்ணு வச்சுக்கிட்டேன்" என்றார் அழகுபாண்டி, கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தச் சொந்தக் கருவியை உருவாக்குகிற வரியைத் தூக்கினாள். டெஸ்ட் ஓடியது. ஒரு மெயிலும் வெளியே போகவில்லை. அத்தனை நாள் எரிச்சலும் வடிந்து, சந்தோஷம் தாங்காமல் சுந்தரம்மாளுக்குப் போன் போட்டாள். இனிமேல் பொய் மெயில் வரவே வராது, வருகிறதெல்லாம் நிஜம்தான் என்றாள்.

"வந்தா என்ன, வராட்டி என்ன தாயி. உங்க பேரப் பாத்தாலே நான் படிக்காம அழிச்சுர்றேன்" என்றார் சுந்தரம்மாள். "அத விடு. இன்னைக்கு இங்க காதுகுத்து. வாழமரம் கட்டி, தண்ணி ரொப்பி, விடியக்காலத்துல இருந்து உக்காந்துருக்கேன். ஒருத்தரையும் காணோம். போனும் எடுக்க மாட்டேங்கிறாக."

சத்யப்ரியா அந்த முன்பதிவைத் திறந்து பார்த்தாள். பங்காளி வீட்டில் சாவு, தீட்டு என்று காரணம் எழுதி அவர்கள் திங்கட்கிழமையே ஆப்பில் ரத்து செய்திருந்தார்கள். அந்த நிமிஷமே சுந்தரம்மாளுக்கு மெயிலும் போயிருந்தது. அது நிஜ மெயில்.

"நேத்துகூட இதே தேதியக் கேட்டு வேற ஆளுக வந்தாக. குடுத்த வாக்கு முக்கியம்னு, மண்டபம் காலி இல்லன்னு சொல்லி அனுப்பிட்டேன்" என்று சுந்தரம்மாள் சொல்லிக்கொண்டிருந்தார். "நீ கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லு தாயி, இவுக எத்தன மணிக்கு வாராக?"